தொட்டால் பாடும், பாடினால் ஒளிரும்: மாயாமாளவகௌளைக்கு ஒரு ஸ்வரப் பலகை செய்யும் முறை

மரப்பலகையில் எட்டு செப்புத் தகடுகள். ஒன்றைத் தொட்டால் அதற்குரிய ஸ்வரம் ஒலிக்கும். ஸ்வரம் ஒலிக்கிற வரை மேலே அதன் நிறத்தில் விளக்கு எரியும், ஒலி தேயத் தேய விளக்கும் தேயும். இடது கையை ஒரு தூர சென்சாருக்கு மேலே ஏற்றி இறக்கினால் ரிஷபமும் தைவதமும் அசையும். பின்னணியில் தம்புரா ஓடிக்கொண்டிருக்கும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர், ஆர்டுயினோவில் இரண்டு மூன்று புரோகிராம் எழுதியவர், இதை இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம்.

ராகம் மாயாமாளவகௌளை. தாய் ராகங்களின் மேளகர்த்தா வரிசையில் 15. பாட்டு கற்பவரின் முதல் பயிற்சியான சரளி வரிசை இதில்தான் தொடங்குகிறது. புரந்தரதாசர் வகுத்த முறை என்று மரபு சொல்கிறது. வீட்டில் ஒரு குழந்தை பாட்டு கற்றுக்கொள்கிறது என்றால் முதல் நாளிலிருந்தே இந்தப் பலகை பயன்படும். இந்த ராகத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. நிறங்களைப் பற்றிச் சொல்லும்போது அது தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் "தொட்டால் பாடும் பியானோ" செய்முறைகளில் பெரும்பாலானவை ஒரு பஸ்ஸரில், பியானோவின் அதிர்வெண்களை முழு எண்ணாக்கி ஒலிக்கவைக்கும். நிறங்களை மனம்போன போக்கில் வைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் விளையாட அது போதும். சுருதி சேர்ந்து பாட அது உதவாது. இங்கே ஸ்வரத்தின் அதிர்வெண், விளக்கின் நிறம், விளக்கின் பிரகாசம் மூன்றும் ஒரே கணக்கிலிருந்து பிறக்கவேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. செய்முறையின் ஒவ்வொரு முடிவும் அதிலிருந்து வருகிறது.

வாங்கவேண்டியவை

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவிலேயே எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் இணையக் கடைகளில் வாங்கலாம்.

- ஈஎஸ்பி32 டெவலப்மென்ட் போர்டு ஒன்று. பலகையின் மூளை இதுதான், ஆர்டுயினோ போலவே புரோகிராம் எழுதலாம். இரண்டு கோர் உள்ள பழைய மாடலே போதும். கீழே தந்திருக்கும் பின் எண்கள் அதற்குரியவை.
- எம்பிஆர்121 தொடு சென்சார் போர்டு ஒன்று. இதில் 12 தொடுமுனைகள் உண்டு.
- மேக்ஸ்98357ஏ ஆம்ப் போர்டு ஒன்று. டிஜிட்டல் ஒலியை நேராக வாங்கி ஸ்பீக்கருக்குத் தரும்.
- 4 ஓம், 3 வாட் ஸ்பீக்கர் ஒன்று. விட்டம் 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல்.
- டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஸ்டிரிப், மீட்டருக்கு 60 விளக்கு உள்ளது, 40 சென்டிமீட்டர். அதாவது 24 விளக்குகள்.
- விஎல்53எல்0எக்ஸ் லேசர் தூர சென்சார் ஒன்று.
- 74ஏஎச்சிடி125 ஐசி ஒன்று, 14 பின் சாக்கெட்டோடு.
- 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று, 470 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் இரண்டு, 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று.
- 50 மில்லிமீட்டர் அகல காப்பர் டேப் அரை மீட்டர்.
- 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர்.
- 6 மில்லிமீட்டர் பிளைவுட், 440க்கு 180 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் பால் நிற அக்ரிலிக் பட்டை, 400க்கு 30.

ஈஎஸ்பி32-லேயே தொடு உணர்வு இருக்கும்போது எம்பிஆர்121 எதற்கு? பழைய ஈஎஸ்பி32-இல் தொடு பின்கள் பத்து. அவற்றில் 0, 2, 12, 15 ஆகிய நான்கும் போர்டு உயிர்பெறும்போது அதன் நிலையைத் தீர்மானிக்கும் பின்கள். அவற்றில் தகட்டை மாட்டினால் சில சமயம் போர்டு கிளம்பவே கிளம்பாது. மிச்சம் ஆறுதான், நமக்கு எட்டு வேண்டும். அதோடு, ஈரப்பதம் மாறும்போது தானாகவே அடிப்படை அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி எம்பிஆர்121-இல் உள்ளேயே இருக்கிறது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது இல்லாமல் முடியாது.

பலகையும் தகடுகளும்

மீட்டருக்கு 60 விளக்கு என்றால் மூன்று விளக்குகளுக்கு சரியாக 50 மில்லிமீட்டர். ஆகவே ஒவ்வொரு தகடும் 42 மில்லிமீட்டர் அகலம், நடுவில் 8 மில்லிமீட்டர் இடைவெளி. இப்படி வைத்தால் ஒவ்வொரு தகட்டுக்கு மேலேயும் மூன்று விளக்குகள் பிசகாமல் அமையும். 50 மில்லிமீட்டர் டேப்பில் 42 மில்லிமீட்டர் துண்டுகள் எட்டு வெட்டினால் தகடுகள் தயார்.

டேப்பை ஒட்டுவதற்கு முன்பே வயரை சால்டர் செய்யுங்கள். ஒட்டியபின் செய்தால் சூட்டில் பசை உருகி, பின்னால் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டின் கீழ் ஓரத்திலும் 5 மில்லிமீட்டரைப் பின்பக்கமாக மடித்து, அந்த மடிப்பில் மெல்லிய ஒற்றைக் கம்பி வயரை வைத்து, இரண்டு வினாடிக்கு மேல் சூடு காட்டாமல் எடுத்துவிடுங்கள். பலகையில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு வயரை அடியில் இறக்குங்கள். சமையலறை அலுமினிய ஃபாயில் வேண்டாம். அதில் சால்டர் பிடிக்காது. கிளிப் போட்டு சமாளித்தால் கொஞ்ச நாளில் தொடர்பு விட்டு விட்டு வரும்.

தகடுகளின் மேல் புத்தகத்துக்கு அட்டை போடும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளை ஒரே விரிப்பாக ஒட்டிவிடுங்கள். வியர்வை உப்பு இரண்டு தகடுகளுக்கு நடுவே படிந்தால் ஒன்றைத் தொடும்போது பக்கத்து ஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கும். தாள் அதைத் தடுக்கும், செம்பும் கறுக்காது.

விளக்குகளைத் தகடுகளுக்கு அடியில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைக்காதீர்கள். செம்பு வெளிச்சத்தை மறைக்கும் என்பது ஒரு பக்கம். ஸ்டிரிப்பில் வேகமாக அணைந்து எரியும் மின்னோட்டம் தொடு சென்சாரில் இரைச்சலாக ஏறும், விளக்கு எரிந்ததும் யாரும் தொடாத தகடு தொட்டதாகத் தோன்றும். தகடுகளின் மேல் ஓரத்திலிருந்து 40 மில்லிமீட்டர் தள்ளி ஸ்டிரிப்பை ஒட்டுங்கள். அதற்கு மேல் 15 முதல் 20 மில்லிமீட்டர் உயரத்தில் பால் நிற அக்ரிலிக் பட்டை. உயரம் 5 மில்லிமீட்டராக இருந்தால் மூன்று புள்ளிகளாகத் தெரியும். 20 இருந்தால் ஒரே பட்டையாக ஒளிரும். ஒரு தகட்டின் நிறம் அடுத்ததோடு கலக்காமலிருக்க 50 மில்லிமீட்டருக்கு ஒரு அட்டைத் தடுப்பு வையுங்கள்.

இணைப்புகள்

எம்பிஆர்121-க்கும் தூர சென்சாருக்கும் ஒரே இரண்டு வயர்தான்: தரவு வயர் 21-ஆம் பின், கடிகார வயர் 22-ஆம் பின். இரண்டின் முகவரிகளும் வேறு (பதினாறடிமானத்தில், அதாவது ஹெக்ஸில், 5ஏ, 29), அதனால் மோதாது. இரண்டுக்கும் 3.3 வோல்ட் கொடுங்கள். எம்பிஆர்121 சிப் தாங்குவது 3.6 வோல்ட் வரைதான். விலை மலிந்த போர்டுகள் பலவற்றில் ரெகுலேட்டர் கிடையாது. 5 வோல்ட் கொடுத்தால் போய்விடும். எம்பிஆர்121-இன் இன்டரப்ட் முனையை (தொட்டதும் செய்தி சொல்லும் முனை) 27-ஆம் பின்னில் மாட்டுங்கள்.

ஆம்ப்பில் பிட் கடிகாரம் 26, இடது-வலது கடிகாரம் 25, தரவு 33. மின்சாரம் 5 வோல்ட். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ஆம்ப்பின் மின்முனைகளை ஒட்டியே சால்டர் செய்யுங்கள். வயரில் தள்ளி வைத்தால் பலன் பாதி. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் எதையும் கிரவுண்டோடு சேர்க்கக்கூடாது. இந்த ஆம்ப் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இயக்குகிறது. ஒன்றைக் கிரவுண்டில் வைப்பது ஷார்ட் செய்வதற்குச் சமம்.

எல்இடி ஸ்டிரிப்புக்கு 13-ஆம் பின். ஆனால் நேராக அல்ல. டபிள்யூஎஸ்2812பி தன் மின்னழுத்தத்தில் 70 சதவீதத்தைத்தான் 'ஒன்று' என்று ஏற்கும். 5 வோல்ட்டுக்கு அது 3.5. ஈஎஸ்பி32 தருவதோ 3.3. மேஜையில் சோதிக்கும்போது வேலை செய்யும், விழாவில் வைத்தால் விளக்குகள் தாறுமாறாக மின்னும். 74ஏஎச்சிடி125 இந்த இடைவெளியை நிரப்புகிறது. 14-ஆம் காலுக்கு 5 வோல்ட், 7-ஆம் காலுக்கு கிரவுண்ட், 1-ஆம் காலும் கிரவுண்ட். ஈஎஸ்பி32-இன் 13-ஆம் பின் ஐசியின் 2-ஆம் காலுக்குப் போகும். 3-ஆம் காலிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஸ்டிரிப்பின் தரவு முனைக்கு. பயன்படாத உள்ளீட்டுக் கால்கள் 5, 9, 12 மூன்றையும் கிரவுண்டிலும், 4, 10, 13 மூன்றையும் 5 வோல்ட்டிலும் கட்டிவிடுங்கள். 14-க்கும் 7-க்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று. இன்னொன்றை எம்பிஆர்121-இன் மின்முனைகளில் வையுங்கள். 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஸ்டிரிப் தொடங்கும் இடத்தில். அம்புக்குறியைப் பாருங்கள், ஸ்டிரிப்புக்குத் திசை உண்டு.

மின்சாரக் கணக்கு: ஒரு விளக்கு முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் எடுக்கும். 24 விளக்குக்கு 1.44 ஆம்பியர். ஆம்ப் உச்சத்தில் முக்கால் ஆம்பியர் வரை. ஈஎஸ்பி32 வைஃபை இல்லாமல் 0.1-க்குள். ஆகவே 3 ஆம்பியர் தாராளம். ஆனால் ஸ்டிரிப்புக்கும் ஆம்ப்புக்கும் போகும் மின்சாரம் ஈஎஸ்பி32 போர்டின் வழியாகப் போகக்கூடாது. அடாப்டர் வந்து சேரும் இடத்திலிருந்து மூன்றுக்கும் தனித்தனி ஜோடி வயர் இழுங்கள்; கிரவுண்டுகள் மூன்றும் அந்த ஒரே புள்ளியில் சேரட்டும். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர் போட்டால் விளக்கு மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று கேட்கும். புரோகிராம் ஏற்ற யுஎஸ்பி மாட்டும்போது அடாப்டரிலிருந்து போர்டுக்கு வரும் 5 வோல்ட் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் மின்சாரம் இன்னொன்றுக்குள் ஏறும்.

தொடுதலைச் சரிசெய்தல்

பலகை உயிர்பெறும்போது யார் கையும் தகடுகளின் மேல் இருக்கக்கூடாது. அந்த நேரத்தில்தான் சென்சார் ஒவ்வொரு தகட்டுக்கும் "தொடாத நிலை" எது என்று குறித்துக்கொள்கிறது. கை இருந்தால் அந்தத் தகடு வெகுநேரம் ஊமையாக இருக்கும்.

முதலில் ஒலியும் விளக்கும் இல்லாமல் ஒரு சிறிய சோதனை புரோகிராம் எழுதி, ஒவ்வொரு தகட்டின் அடிப்படை அளவையும் தொடும்போதைய அளவையும் திரையில் ஓடவிடுங்கள். தொட்டால் அளவு குறையும். அந்த வித்தியாசம் 40 என்று வைத்துக்கொண்டால் தொடு வரம்பு 20, விடு வரம்பு 12. பெரும்பாலான நூலகங்களில் (லைப்ரரி எனும் ஆயத்தப் புரோகிராம் தொகுப்புகளில்) 12, 6 என்று ஏற்கெனவே போட்டிருப்பார்கள். மெல்லிய தாளுக்கு அது அளவுக்கு மீறிய கூர்மை, விரல் ஒரு சென்டிமீட்டர் மேலே வரும்போதே ஸ்வரம் எழும். வரம்பைத் தகடு தகடாக அமைப்பது நல்லது, ஏனென்றால் ஓரத்துத் தகடுகளுக்கு வயர் நீளம். அகலமான விரல் இரண்டு தகடுகளைத் தொடும்போது இரண்டும் ஒலிப்பதைத் தவிர்க்க, அடுத்தடுத்த தகடுகளில் வித்தியாசம் அதிகமுள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை இங்கே கோட்டைவிடுபவர்கள் அதிகம். எம்பிஆர்121 தன் இயல்பு நிலையில் 16 மில்லிவினாடிக்கு ஒருமுறை அளந்து, நான்கு அளவுகளைச் சேர்த்து முடிவு சொல்லும். 64 மில்லிவினாடி. ஜண்டை வரிசையை (ஸ்வரங்கள் இரட்டையாக வரும் பயிற்சி) இரண்டாம் காலத்தில், அதாவது இரு மடங்கு வேகத்தில், வாசிப்பவருக்கு இந்தத் தாமதம் கையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். மாதிரி இடைவெளியை 1 மில்லிவினாடிக்கு மாற்றுங்கள். மொத்தம் 4 ஆகிவிடும். சில நூலகங்கள் இதைத் தாங்களே செய்கின்றன. சிப்பின் கையேடு பதினாறடிமானத்தில் 5டி என்று குறிக்கும் பதிவேட்டை புரோகிராமில் படித்து, அதே அடிமானத்தில் 24 என்று வந்தால் பழைய நிலை, 20 என்று வந்தால் மாறிவிட்டது என்று அறியலாம்.

ஸ்வரத்தின் கணக்கு

ஒரு கட்டை சுருதியில் (ஸ எந்த உயரத்தில் என்பதைச் சொல்லும் அளவு கட்டை) மத்தியஸ்தாயி ஸ 261.63 ஹெர்ட்ஸ். மற்றவை விகிதத்தில்:

- ஸ: 1, 261.63
- சுத்த ரி: 16/15, 279.07
- அந்தர க: 5/4, 327.04
- சுத்த ம: 4/3, 348.84
- ப: 3/2, 392.45
- சுத்த த: 8/5, 418.61
- காகலி நி: 15/8, 490.56
- மேல் ஸ: 2, 523.26

கீபோர்டில் இதே அந்தர காந்தாரம் 329.63. வித்தியாசம் இரண்டரை ஹெர்ட்ஸ்தானே என்று விட்டுவிடத் தோன்றும். தம்புராவோடு சேர்த்துக் கேட்டால் விடமாட்டீர்கள். ஸட்ஜமத்தின் ஐந்தாம் மேற்சுரம் (அதன் அதிர்வெண்ணின் ஐந்து மடங்கில் கூடவே எழும் ஒலி) 1308 ஹெர்ட்ஸ். கீபோர்டு காந்தாரத்தின் நான்காம் மேற்சுரம் 1318.5. இரண்டும் மோதி வினாடிக்கு பத்து முறை அதிரும். 327.04-இல் வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழும், அதிர்வு நின்று ஒலி ஒன்றாகிவிடும். தம்புராவில் அந்தர காந்தாரம் தானாகவே கேட்கிறது என்று பாட்டு வாத்தியார்கள் காட்டித்தருவது இந்த ஐந்தாம் மேற்சுரத்தைத்தான். பலகை தயாரானதும் இரண்டு எண்களையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். குழந்தைகளுக்கு சுருதி சேருவது என்றால் என்ன என்று விளக்க இதைவிட நேரான வழி இல்லை.

இந்தத் துல்லியத்தை ஈஎஸ்பி32-இல் பெற, அலை வடிவம் ஒன்றை 2048 எண்கள் கொண்ட அட்டவணையாக வைத்துக்கொண்டு, 32 பிட் எண் ஒன்றை ஒவ்வொரு மாதிரிக்கும் கூட்டிக்கொண்டே போகவேண்டும். மேல் 11 பிட்கள் அட்டவணையில் இடத்தைச் சொல்லும். கூட்டவேண்டிய அளவு, அதிர்வெண்ணை 2-இன் 32-ஆம் அடுக்கால் பெருக்கி 44100-ஆல் (வினாடிக்கு இத்தனை ஒலி மாதிரிகள்) வகுத்தால் வருவது. ஸட்ஜமத்துக்கு ஏறக்குறைய 2,54,80,551. இந்த முறையில் பிழை ஒரு ஹெர்ட்ஸில் லட்சத்தில் ஒரு பங்குதான்.

அட்டவணையில் வெறும் சைன் அலை வேண்டாம். ஐம்பது மில்லிமீட்டர் ஸ்பீக்கர் மந்த்ர (கீழ் ஸ்தாயி) ஸட்ஜமத்தின் 130.8 ஹெர்ட்ஸை உருப்படியாகத் தராது. மேற்சுரங்கள் இருந்தால் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். முதல் எட்டு மேற்சுரங்களை 1, 1/2, 1/3 என்று குறைத்துக்கொண்டே போய்க் கூட்டுங்கள். தம்புராவுக்கு இருபது வரை போகலாம். தம்புராவின் தந்திகள் நான்கு: மந்த்ர ப (196.22), ஸ, ஸ, மந்த்ர ஸ. வினாடிக்கு ஒன்றாக மீட்டி, ஒவ்வொன்றும் நான்கு வினாடி தேயட்டும். நடு ஸ இரண்டில் ஒன்றை 0.2 ஹெர்ட்ஸ் மட்டும் விலக்கினால் ஐந்து வினாடிக்கு ஒருமுறை மெல்ல எழுந்து அடங்கும். இயந்திர வாடை போய்விடும். தம்புராவின் அளவு வாசிப்பில் கால் பங்கு போதும்.

ஸ்வரத்தை சட்டென்று தொடங்கினால், சட்டென்று நிறுத்தினால், 'டக்' என்று கேட்கும். எழ 8 மில்லிவினாடி, அடங்க 150 மில்லிவினாடி கொடுங்கள். எல்லாக் குரல்களையும் 32 பிட்டில் கூட்டி, கடைசியில் 16 பிட்டுக்குள் அடக்குங்கள். கூட்டலை 16 பிட்டிலேயே செய்தால் மூன்று தகடுகளை ஒருசேரத் தொட்டதும் ஒலி கிழியும். ஒரே மாதிரியை இடது, வலது இரண்டிலும் எழுதுங்கள்.

டிஎம்ஏ பஃபர் (ஒலி ஆம்ப்புக்குப் போகுமுன் காத்திருக்கும் நினைவிடம்) அளவில் கவனம் தேவை. பல மாதிரி புரோகிராம்களில் 8 பஃபர், ஒவ்வொன்றும் 1024 என்றிருக்கும். அது 186 மில்லிவினாடி தாமதம். பாட்டுக் கேட்க சரி, வாசிக்க முடியாது. 4 பஃபர், ஒவ்வொன்றும் 128 மாதிரி. 11.6 மில்லிவினாடி. தொடுதலிலிருந்து ஒலி வரை மொத்தம் 20-க்குள் அடங்கும்.

நிறத்தின் கணக்கு

ஒலிக்கு நிறம் கொடுக்கும் ஆசை பழையது. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட நூலில் நிறமாலையை ஏழாகப் பிரித்தபோது இசையின் ஏழு இடைவெளிகளை மனதில் வைத்தே பிரித்தார். ஸ, ரி, க, ம என்று வரிசையாக வானவில்லை ஒட்டுவது அந்த வழியில் வருவது. அதில் ஒரு குறை: ஸவும் ரியும் பக்கத்து நிறங்கள் பெறும், காதுக்கோ சுத்த ரிஷபம் ஸட்ஜமத்தோடு மிகவும் உரசும் ஸ்வரம். காதுக்கு மிக நெருக்கமான பஞ்சமம் நிறத்தில் எங்கோ போய்விடும்.

ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் வேறு வழியில் போனார்: ஐந்தாம் ஸ்வரம் ஐந்தாம் ஸ்வரமாகத் தாவும் வட்டத்தில் நிறங்களை அடுக்கினார். அவருடைய நிறங்களை எடுக்க வேண்டியதில்லை, வழியை எடுத்துக்கொள்ளலாம். ஸ்வரஸ்தானத்தின் எண்ணை (ஸ 0, சுத்த ரி 1, இப்படி நி வரை 11) 7-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுத்து வரும் மீதியை 30 பாகையால் பெருக்குங்கள். அதுதான் நிறவட்டத்தில் அதன் இடம்.

ஸ 0, சிவப்பு. ரி 210, வான நீலம். க 120, பச்சை. ம 330, ரோஜா. ப 30, ஆரஞ்சு. த 240, நீலம். நி 150, கடல் பச்சை. மேல் ஸ மறுபடி சிவப்பு, கொஞ்சம் பிரகாசமாக.

இப்போது ஸ-ரி-க-ம, ப-த-நி-ஸ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0, 210, 120, 330. பிறகு 30, 240, 150, 360. பின்பாதி முன்பாதியின் நிறங்கள்தான், ஒவ்வொன்றும் 30 பாகை திரும்பியவை. மாயாமாளவகௌளையின் பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே அமைப்பு என்று வகுப்பில் சொல்வதைப் பலகை கண்ணுக்குக் காட்டுகிறது. ராகத்தைத் தேர்ந்தெடுத்த இன்னொரு காரணம் இதுதான்.

நிறம் சரியாக வர காமா திருத்தம் (கண் பிரகாசத்தை உணரும் விதத்துக்கு ஏற்ப எண்களை மாற்றுவது) கட்டாயம். 30 பாகை என்றால் சிவப்பு 255, பச்சை 128. அப்படியே அனுப்பினால் எல்இடியில் மஞ்சளாகத் தெரியும், பஞ்சமத்துக்கு ஆரஞ்சு வராது. 2.2 காமா போட்டால் பச்சை 56-க்கு இறங்கும், அசல் ஆரஞ்சு. 256 எண்கள் கொண்ட ஒரு அட்டவணை போதும், ஒவ்வொரு முறையும் அடுக்குக் கணக்கு போடத் தேவையில்லை.

பிரகாசத்துக்குத் தனியாக எந்த டைமரும் வேண்டாம். ஸ்வரத்தின் எழுச்சி-அடக்க எண் எதுவோ அதையே பிரகாசமாக அனுப்புங்கள். தனி டைமர் வைத்தால் விளக்கு ஒரு கணம் முந்தியோ பிந்தியோ போகும், கண் உடனே கண்டுபிடித்துவிடும். வினாடிக்கு 60 முறை புதுப்பித்தால் போதும். 24 விளக்குகளுக்கு அனுப்ப ஒரு மில்லிவினாடிக்கு மேல் ஆகாது.

சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒவ்வொரு தகட்டின் மேலும் ஸ்வரத்தின் எழுத்தை எழுதிவையுங்கள்.

கமகம்

ஸ்வரத்தை அதன் இடத்திலிருந்து அசைப்பதே கமகம். அதற்காகத் தூர சென்சாரைப் பலகையின் இடது ஓரத்தில் மேல் நோக்கி வையுங்கள். அதன் மேல் அக்ரிலிக் மூடி போடாதீர்கள். லேசர் மூடியிலேயே பட்டுத் திரும்பி எப்போதும் 20, 30 மில்லிமீட்டர் என்று காட்டும். நேர் வெயிலிலும் அளவு தடுமாறும்.

கை 200 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஸ்வரம் தன் இடத்தில் நிற்கும். 60 வரை இறங்கினால் கீழ் ஸ்வரத்தைத் தொடும்: ரி ஸவை நோக்கி, த பவை நோக்கி. நடுவில் அதிர்வெண்ணை நேர்கோட்டில் பிரிக்காமல் விகிதத்தில் பிரியுங்கள், காது கேட்பது விகிதத்தைத்தான். ஸவையும் பவையும் எந்த நிலையிலும் அசைக்காதபடி புரோகிராமிலேயே தடுத்துவிடுங்கள். அவை அசையா ஸ்வரங்கள். ஈர்ப்புக்காக எல்லாவற்றையும் வளைக்க விட்டால் பலகை சுருதி சொல்லித்தரும் கருவியாக இராது.

சென்சாரின் அளவு நேரத்தை 33-லிருந்து 20 மில்லிவினாடிக்குக் குறையுங்கள். தொடர் அளவீட்டு முறையில் ஓடவிட்டு, அளவு தயாரா என்று மட்டும் கேளுங்கள். அளவு வரும் வரை காத்திருக்கும் கட்டளையைப் போட்டால் அந்த நேரமெல்லாம் தகடுகள் செவிடாக இருக்கும். வரும் அளவை அப்படியே அதிர்வெண்ணில் போட்டால் படிக்கட்டாகக் கேட்கும். 30 மில்லிவினாடி மென்மையாக்கல் அதைச் சரிசெய்யும். 200 போட்டால், வினாடிக்கு ஐந்து முறை ஆடும் கையசைவு முழுக்கத் தட்டையாகிவிடும்.

ஒலி வேலையை ஒரு கோரில் உயர் முன்னுரிமையோடும், சென்சார்களையும் விளக்கையும் மற்ற கோரிலும் ஓடவிடுங்கள். வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

தகராறுகள்

ஆம்ப்பிலிருந்து ஒலியே வரவில்லை என்றால் முதலில் எஸ்டி என்று குறித்த முனையைப் பாருங்கள். அது கிரவுண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆம்ப் தூங்கிவிடும்.

சத்தமாக ஒரு ஸ்வரம் எழும்போதெல்லாம் போர்டு திரும்ப உயிர்பெற்றால் மின்னழுத்தம் விழுகிறது. மல்டிமீட்டரை ஈஎஸ்பி32-இன் 5 வோல்ட் முனையில் வைத்து வாசித்துப் பாருங்கள். 4.7-க்குக் கீழே போனால் அடாப்டரோ மெல்லிய வயரோ காரணம். மீட்டர் காட்டாத அளவு குறுகிய சரிவும் உண்டு, அதற்குத்தான் ஆம்ப்பை ஒட்டிய கெபாசிட்டர்.

பவர் பேங்கில் நன்றாக வேலை செய்த தகடுகள் அடாப்டரில் தாமாகவே ஒலித்தால், அடாப்டர் வழியாக வரும் மின்வலை இரைச்சல் உங்கள் உடம்போடு சேர்ந்து சென்சாரை ஏமாற்றுகிறது. இரண்டு பின் மலிவு சார்ஜர்களில் இது சகஜம். தரமான அடாப்டர் மாற்றுங்கள். பலகையின் முன் ஓரத்தில், மணிக்கட்டு படும் இடத்தில், ஒரு காப்பர் டேப் பட்டையை கிரவுண்டோடு இணைத்து ஒட்டினாலும் பெரும்பாலும் அடங்கும். அடாப்டரைத் திறந்து எதையும் மாற்ற முயலாதீர்கள்.

வாசிக்க வாசிக்க ஒரு தகடு மங்கிக்கொண்டே வந்தால், விரலை நீண்ட நேரம் வைத்திருப்பதால் சென்சார் அதையே இயல்பு நிலை என்று ஏற்றுக்கொள்கிறது. தொட்டிருக்கும்போது அடிப்படை அளவைத் திருத்தும் பதிவேடுகளைச் சுழியாக்குங்கள்.

ஸ்பீக்கர் 'கீச்' என்று மெலிந்து கேட்டால் அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை என்று பொருள். முன்னும் பின்னும் எழும் ஒலி ஒன்றையொன்று அழிக்கிறது. சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, காற்றுப் புகாத மரப்பெட்டி போதும்.

மிச்சமிருக்கும் நான்கு முனைகள்

எம்பிஆர்121-இல் எட்டுதான் பயன்பட்டிருக்கிறது. பலகையின் கீழ் ஓரத்தில் நான்கு சிறு தகடுகள் சேர்த்து, கட்டையை ஏற்ற, இறக்க, தம்புராவை நிறுத்த, ராகம் மாற்ற வைத்துக்கொள்ளலாம். பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை வேண்டும். ஸவின் ஒரு எண்ணை மாற்றினால் மற்ற ஏழும் தம்புராவும் தாமாக மாறும், ஏனென்றால் எல்லாம் விகிதத்தில் இருக்கிறது. ஐந்து கட்டைக்கு ஸ 196 என்று கீழ் ஸ்தாயியிலேயே வையுங்கள், 392-க்கு ஏற்றவேண்டாம்.

ராகம் மாற்ற விகித அட்டவணையும் ஸ்தான எண்களும் போதும். சங்கராபரணத்துக்கு ரி 9/8, ஸ்தானம் 2. த 5/3, ஸ்தானம் 9. நிறங்கள் தாமாகவே 60, 90 என்று வரும். ரிஷபமும் தைவதமும் நீலத்தை விட்டு மஞ்சளுக்கும் இளம்பச்சைக்கும் வந்துவிடும், ஏழு ஸ்வரங்களும் ரோஜாவிலிருந்து கடல் பச்சை வரை இடைவெளியில்லாத ஒரே வில்லில் உட்காரும். ஹிந்தோளம் போல ஐந்து ஸ்வர ராகம் வைத்தால் பயன்படாத தகடுகளின் தொடு வரம்பை 255-க்கு உயர்த்தி அணைத்துவிடுங்கள். வெறுமனே ஒலியை மட்டும் நிறுத்தினால் அவை பக்கத்துத் தகட்டின் தொடுதலைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டு ஸ்வரத்தை விழுங்கும்.